அச்சில் போடாத கூடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. போன அக்டோபரில் எங்கள் ஊர் இரும்புச் சாமான் கடையில் ஒட்டுக்கேட்டது. நான் ஆணி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மனிதருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தொப்பியில் கோதுமைத் தூசி. கல்லாவில் இருந்தவரிடம் குனிந்து, மருந்துக்கடையில் கூச்சமான சாமான் கேட்பவரைப் போலக் கேட்டார். (நான் மருந்துக்கடைக்காரன். அந்தக் குரல் எனக்கு அத்துப்படி.)

"வேற ஒருத்தன் துப்பாக்கில சுட்ட கூடு நம்ம துப்பாக்கில போகுமா?"

"போனாலும் போகும். முட்டினாலும் முட்டும். எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

எதுவும் வாங்காமல் வெளியே போனார். வண்டியில் ஏறி, அதைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் புளுகு. ஆனால் அந்த முகம் புளுகு இல்லை. அதே முகத்தை நான் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அது எந்த வருடம், எதற்காக என்பதெல்லாம் இந்தக் கதைக்கு வேண்டாம்.

துப்பாக்கி பிடித்தறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை, தாங்களே கட்டுகிறார்கள். நானும்தான், இருபத்திரண்டு குளிர்காலமாக. சுட்டதும் குண்டு போய்விடும், பித்தளைக் கூடு மிஞ்சும். வெடிக்கிற வேகத்தில் அந்தக் கூடு உப்பி, துப்பாக்கியின் அறை எந்த வடிவமோ அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓர் இரும்பு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குச் சுருக்கி, புதிதாக வெடிமருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி தோட்டா. அளவுக்கு மீறி உப்பிய கூடு அச்சுக்கும் முழுக்க அடங்காமல் போவதுண்டு. ஒரே கடையில் வாங்கிய இரண்டு துப்பாக்கிகளின் அறைகள்கூட மயிரிழை வித்தியாசப்படும். ஆகவே சுட்ட கூட்டைப் பார்த்தால் அது எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்று சொல்லிவிடலாம். பொய் சொல்லத் தெரியாத சாமான் அது. அல்லது அப்படித்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

2

முதல் தொடக்கம்: "பனி விழத் தொடங்கிய ஒரு காலையில்..."

அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதும் எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். பனிக்கே அலுத்திருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "வெர்லின் தன் மனைவியை இருபத்தாறு ஆண்டுகளாக நேசித்தான், அளவோடு."

இதையும் அடித்துவிட்டேன். எழுதியவன் தன் முதுகில் தானே தட்டிக்கொள்கிற வாக்கியம்.

மூன்றாம் தொடக்கம்: "போல்ட் மூடவில்லை."

இது இருக்கட்டும். (துப்பாக்கியின் அறையைப் பின்னாலிருந்து மூடும் தாழ்தான் போல்ட்.) போல்ட் மூடவில்லை. வெர்லின் (கடையில் பார்த்தவரின் பெயர் எனக்குத் தெரியாது, இது நான் வைத்தது) தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி லவான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு பேருக்கும் எல்க் மான் வேட்டைதான் வருடத்தின் திருவிழா. அவள் சுடுவாள், அவளுக்கு அவன் தோட்டா கட்டுவான். கல்யாணமான முதல் இலையுதிர்காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு அது. ஊரில் மற்றவர்கள் திருமண நாளுக்குப் பூ வாங்குவார்கள். இவன் இருபது தோட்டாவைப் பெட்டியில் போட்டு, மேலே அவள் பெயரை எழுதிக் கொடுப்பான்.

வேட்டைக்காலம் தொடங்க ஒரு வாரம் இருந்தது. மலையில் ஏறிய பிறகு தோட்டா முட்டினால் மான் நின்று வேடிக்கை பார்க்காது. அதனால் அச்சில் போட்டுச் சுருக்கிய வெறுங்கூடுகளை, மருந்து போடுவதற்கு முன்பே, ஒவ்வொன்றாக அவள் துப்பாக்கியில் வைத்துப் பார்ப்பது வழக்கம். போல்ட்டிலிருந்து சுருள்வில்லையும் ஊசியையும் கழற்றிவிடுவான். எதிர்க்க ஒன்றும் இல்லாததால், கூடு சரியாக இருந்தால் போல்ட்டின் கைப்பிடி தன் கனத்தாலேயே கீழே விழுந்துவிடும். கையால் அழுத்தவே தேவையில்லை. இருபத்தாறு வருடமாக அந்தச் சின்ன 'டொக்' சத்தம் வெர்லினுக்குத் தன் குடும்பம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கான அத்தாட்சி.

பதின்மூன்று கூடுகளுக்கு டொக் என்று விழுந்தது. ஏழுக்குப் பாதியில் நின்றுவிட்டது.

முட்டுகிற ஒரு கூட்டைக் கறுப்பு மையால் பூசி, மறுபடி வைத்துத் தள்ளி, வெளியே எடுத்தான். மை அழிந்திருந்தது தோளில், அதாவது கூட்டின் உடல் குறுகிக் கழுத்தாக மாறும் சரிவில். அளவுகருவியை எடுத்தான். பதின்மூன்றும் ஒரே அளவு. ஏழு மட்டும் தோள் உயர்ந்திருந்தது, நாலு புள்ளி. (அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒன்று ஒரு புள்ளி. நாலு புள்ளி என்பது ஒரு தலைமயிரின் பருமன். மயிர்தானே என்று சிரிக்காதீர்கள். சாதத்தில் கிடந்தால் சிரிப்பீர்களா?)

அந்த ஏழும் லவான் செவ்வாய்க்கிழமைகளில் பயிற்சிக்குச் சுட்டவை. செவ்வாய்தோறும் பேருந்தை நிறுத்திவிட்டுச் சுடுகளத்துக்குப் போவாள். தனியாகத்தான் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். தனியாகப் போனவளின் கூடு தன் துப்பாக்கியிலேயே போகவில்லை என்றால் அந்தக் கூடு சுடப்பட்டது

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெர்லினும் அன்று அதை முடிக்கவில்லை. கைவிளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.)

3

பொறாமைக் கதைக்கு இன்னொருத்தன் வேண்டும். அவன் பெயர் ரோலண்ட். குதிரைக்கு லாடம் அடிப்பவன். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு, மனைவியைப் பறிகொடுத்தவன்.

இவனால் எனக்கு வீட்டில் தகராறு. கதையின் முதல் படியில் ரோலண்ட் ஆறடி உயரம், அகன்ற தோள், சுருண்ட முடி. என் மனைவி திலகா நான் எழுதுவதைப் பென்சிலோடுதான் படிப்பாள். ஓரத்தில் எழுதினாள்: 'இந்த ஆள் நல்லா இருக்கான்.' அடுத்த படியில் முடியை எடுத்துவிட்டேன். 'சொட்டைன்னாலும் களையா இருக்கான்' என்று எழுதினாள். தொப்பை வைத்தேன். 'தொப்பை இருந்தா என்ன, சிரிப்பு நல்லா இருக்கு.' முன்பல் ஒன்றைப் பிடுங்கினேன். 'பாவம், குதிரைகிட்ட எவ்வளவு அன்பா இருக்கான்!' அத்தோடு விட்டுவிட்டேன். நானே பெற்றுப் போட்ட ஒருத்தன்மேல் எனக்கே வயிறு எரிந்தது என்றால் வெர்லினைச் சொல்லி என்ன குற்றம்?

வெர்லினுக்கு ரோலண்ட்மேல் பழைய புகைச்சல் ஒன்று உண்டு. ஊர்த் துப்பாக்கிக் கிளப்பின் சுவரில் ரோலண்ட் சுட்ட இலக்குத்தாள் மாட்டியிருக்கிறது: ஐந்து குண்டும் சட்டைப் பொத்தான் அகலத்துக்குள். அதற்குக் கீழே வெர்லினுடையது. ஒன்பது வருடமாகக் கீழே. அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். போன வசந்தத்தில் போட்டி முடிந்து வீடு திரும்பும்போது லவான் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒன்று சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ரோலண்ட் கூடெல்லாம் பாத்தியா, எவ்வளவு பளபளன்னு வச்சிருக்கான்."

ஒரே ஒரு வாக்கியம். சொன்னவள் அடுத்த திருப்பத்துக்குள் மறந்திருப்பாள். கேட்டவன் ஆறு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் கூடுகளை இரண்டு மடங்கு நேரம் மெருகேற்றினான். அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காததையும் அவன் கவனித்தான்.

4

சனிக்கிழமை சுடுகளத்துக்குப் போனான். சட்டைப் பையில் அளவுகருவி. ரோலண்ட் மேசையில் கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாப்பா, ரெண்டாம் பரிசு!"

"பல்லைக் காட்டாத. அதுல ஒண்ணு குறையுது."

"குதிரை உதைச்சது. என் பல்லுக்காவது ஒரு கதை இருக்கு. உன்னை எது உதைச்சது? மூஞ்சி இப்படித் தொங்குது!"

வெர்லின் சிரித்துவைத்தான். அவனுக்குச் சிரிப்பு வராதபோது சிரிக்கத் தெரியாது. வாய் மட்டும் விரியும்.

"உன் கூட்டை அளந்து பாக்கட்டா? அஞ்சையும் எப்படி ஒரே ஓட்டைல விடுறேன்னு தெரிஞ்சுக்கணும்."

"அளந்துக்கோ, அளந்துக்கோ. ஒன்பது வருஷமா நீ இதைக் கேக்கணும்னுதான் காத்துக்கிட்டிருக்கேன். உன் ரோஷம் விடல."

சுட்டு அப்போதுதான் வெளியே விழுந்த கூடு. இன்னும் சூடு ஆறவில்லை. அளவுகருவியின் வாயில் வைத்தான். முள் நின்ற இடத்தைப் பார்த்தான். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். லவானின் அளவைவிடச் சரியாக நாலு புள்ளி அதிகம். மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.

ரோலண்ட் வைத்திருப்பது சாதாரணக் கடைத் துப்பாக்கி. இந்த மாவட்டத்தில் மூன்றில் ஒன்று அதே அளவில்தான் இருக்கும். வெர்லினுக்கு அது தெரியாததல்ல. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கவேண்டிய நேரத்தில் அவன் மஞ்சளை அளந்துகொண்டிருந்தான்.

"ஏன்டா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒரு துப்பாக்கில ஏழு கூடு முட்டுது."

"லவானோடதா?"

யாருடைய துப்பாக்கி என்று வெர்லின் சொல்லவே இல்லை.

[இந்த "லவானோடதா?"வை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். நியாயமாகப் பார்த்தால் இதில் ஒன்றுமில்லை. வெர்லின் தன் துப்பாக்கிக்கு அன்றாடம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவன், அதில் எதுவும் முட்டாது என்று ஊருக்கே தெரியும். அவன் வீட்டில் இருக்கிற இன்னொரு துப்பாக்கி அவள் துப்பாக்கி. யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனாலும் கடைசியில் வரியை விட்டுவைத்தேன். இந்த இடத்துக்கு வருவதற்குள் வெர்லினின் வயிற்றெரிச்சல் எனக்கும் வந்துவிட்டது.]

"ஆமா. அவளோடதுதான்."

"எங்க முட்டுது? அடியிலயா, தோள்லயா?"

"தோள்ல. நாலு புள்ளி."

"அச்சுல போட்டதுக்கு அப்புறம் அளந்ததா?"

"ஆமா."

"போடறதுக்கு முன்னாடி?"

வெர்லின் அளவுகருவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"கழுத்துக்குள்ள கிரீஸ் தடவினியா?"

"தடவினேனே."

"இருபதுக்கும்?"

வெர்லின் யோசித்தான். கிரீஸ் டப்பா தீர்ந்துகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. சுரண்டிச் சுரண்டி எடுத்தது ஞாபகம் இருக்கிறது. கடைசிச் சில கூடுகளுக்கு இருந்ததா, இல்லையா, அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

"அதான் விஷயம்," என்றான் ரோலண்ட். "அச்சுக்குள்ள ஒரு குமிழ் இருக்குல்ல, கூட்டை வெளிய இழுக்கும்போது அது கழுத்து வழியா வரும். கழுத்து காஞ்சு கிடந்தா அப்படியே கவ்வி இழுக்கும். தோளும் கூடவே மேல வந்துரும். எனக்கே ஆகியிருக்குடா. சந்தேகமா இருந்தா ஒண்ணு பண்ணு. அவ சுட்ட கூடு ஒண்ணை எடு. அச்சு பக்கமே கொண்டுபோகாத. அப்படியே அவ துப்பாக்கில வச்சுப் பாரு. கைப்பிடி தானா விழுந்துதுன்னா தப்பு உன் கைமேல."

"விழலைன்னா?"

"விழலைன்னா அதை அவ துப்பாக்கில சுடவே இல்ல," என்று சொல்லி, பல் போன இடம் தெரிய ரோலண்ட் சிரித்தான்.

5

திரும்பி வரும் வழியெல்லாம் வெர்லின் அந்தச் சிரிப்பை இரண்டு விதமாக எடைபோட்டான். மடியில் கனம் இருக்கிறவன் தானாக முன்வந்து சோதனையைச் சொல்லிக்கொடுப்பானா? மாட்டான். ஆகவே ரோலண்ட் நல்லவன். ஆனால் கனத்தை மறைக்கத் தெரிந்தவன் அதைத்தானே சொல்லிக்கொடுப்பான்? ஆகவே ரோலண்ட் கைகாரன். வீட்டு வாசலில் வண்டி திரும்பும்போது இரண்டு தட்டும் சமமாக நின்றன.

நான் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எடைமேடையில் வெர்லினின் வேலை என்ன? லாரி நிரம்பி வரும்போது ஒரு எடை. கொட்டிவிட்டு வெறுமையாகப் போகும்போது ஒரு எடை. இரண்டும் இல்லாமல் சீட்டுத் தரமாட்டான், வந்திருப்பது சொந்த மைத்துனனே ஆனாலும். அப்படிப்பட்டவன், அச்சில் போடுவதற்கு முன் அந்த ஏழு கூடுகளை ஒரு தடவைகூட அளக்கவில்லை. ஒரே ஒரு எடையை வைத்துக்கொண்டு மனைவியின் செவ்வாய்க்கிழமைகளுக்குச் சீட்டு எழுதிவிட்டான். தோட்டா கட்டுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், முட்டுகிற கூட்டைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது தன் கையை, இரண்டாவது தன் அச்சை, மூன்றாவது தன் அளவுகருவியை. பக்கத்து வீட்டுக்காரன் அந்த வரிசையில் எங்குமே இல்லை.

இவ்வளவு உபதேசம் செய்கிற நான் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கு வெர்லின்மேல் பொறாமையாக இருக்கிறது. அவனுக்கு ஒரு சோதனையாவது இருக்கிறது. வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: விழும், அல்லது விழாது. எனக்குச் சந்தேகம் வந்த காலத்தில் என்னிடம் என்ன இருந்தது? இரண்டு முறை அடித்து நின்றுபோகிற ஒரு போன். யாரும் கேட்காமலே சொல்லப்பட்ட ஒரு காரணம். அவற்றை எந்தக் கருவியில் வைத்து எத்தனை புள்ளி என்று பார்ப்பது? ஆறு மாதம் அல்ல, இரண்டு வருடம் வைத்திருந்து, தானாக மங்கட்டும் என்று விட்டேன். மங்கிவிட்டது என்றுதான் எண்ணியிருந்தேன், அந்தக் கடையில் ஆணி வாங்கப் போகும்வரை.

(இந்தப் பத்திக்கு எதிரே திலகாவின் பென்சில்: 'எந்த போன்?' அதற்குக் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.)

6

அதே பக்கத்தின் அடியில், வேறொரு நாள் எழுதியது போலக் கொஞ்சம் அழுத்தமான பென்சிலில், இன்னொரு குறிப்பும் இருந்தது: 'இத்தனை பக்கம் ஆச்சு. அந்தப் பொண்ணு வாயே திறக்கலையே?'

புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். கதை முழுக்க லவானைப் பற்றித்தான் பேச்சு. அவளுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் இன்னொருத்தனின் கூட்டைப் பற்றி. அவளுடைய கூட்டை அளக்க அரை நாள் செலவழித்தேன். அவள் முகம் எப்படி இருக்கும் என்று எழுதக்கூட இல்லை. சரி, வரட்டும், பேசட்டும் என்று அவளை உள்ளே விட்டேன். அதிலிருந்துதான் இந்தக் கதை என் கையை விட்டுப் போனது.

ஞாயிறு மதியம். லவான் மாடியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வெர்லின் நடையில் தொங்கிய அவள் கோட்டுக்குள் கையை விட்டான். செவ்வாய்க்கிழமைக் கூடு ஒன்று இருந்தது, ஒரு கைக்குட்டையோடும் பாதி தின்ற மிட்டாயோடும். கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்கொட்டகைக்குப் போனான். வேலைமேசையில் அவள் துப்பாக்கி தயாராகக் கிடந்தது, போல்ட்டின் சுருள்வில்லும் ஊசியும் கழற்றித் துணிமேல் வைத்திருந்தான். கூட்டை உள்ளே வைத்து போல்ட்டை முன்னே தள்ளினான். கைப்பிடி விழாமல் ஒரு விரலால் தாங்கிக்கொண்டான். மூச்சு விட்டுக்கொள்ள ஒரு கணம் போதும் என்று நினைத்தான்.

கதவு திறந்தது. கொட்டகையில்தான் அவர்களுடைய உறைபெட்டி இருக்கிறது. லவான் உள்ளே வந்து, அதைத் திறந்து, இரவுச் சாப்பாட்டுக்கு ஓர் இறைச்சிப் பொட்டலத்தை எடுத்தாள். குட்டையான, பலமான பெண். நாற்பது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்குகிறவள். அந்தப் பார்வையோடு திரும்பினாள்.

"என்ன பண்ற?"

"அச்சு சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"அச்சு அங்க இருக்கு. நீ என் துப்பாக்கியைப் பிரிச்சு வச்சிருக்க."

அவன் விரலை எடுக்கவில்லை.

"உள்ள இருக்கிறது என் கோட்டுல இருந்த கூடுதானே?"

"ஆமா."

"அச்சுல போட்டியா?"

"இல்ல."

தோட்டா கட்டுகிறவனோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"யாரு? ரோலண்டா?"

அவன் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். லவான் சிரிக்கத் தொடங்கினாள். அவன் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சரி. கேளு," என்றாள்.

"என்ன கேக்க?"

"மனசுல இருக்கிறதைக் கேளு. வாயால கேளு. என்னவா இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்றேன். ஆனா ஒண்ணு, வெர்லின். நீ அதைப் போட்டுப் பார்த்துட்டேன்னு வை, கைப்பிடி விழுந்தாலும் சரி, விழாட்டியும் சரி, நான் எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிருவேன். திரும்பி வர மாட்டேன்."

"லவான், இது சும்மா ஒரு..."

"சும்மா இல்ல. என் வண்டி எத்தனை மைல் ஓடியிருக்குன்னு எட்டிப் பாத்திருக்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் எத்தனை தோட்டா சுட்டேன்னு எண்ணியிருக்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு என்னைக் கேட்டிருக்கியா? எதையும் அளந்துதான பாத்த? இப்பவாவது கேளு."

7

இங்கே நான்கு மாதம் நின்றுவிட்டேன். எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

ஒரு முடிவில் வெர்லின் விரலை எடுக்கிறான். கைப்பிடி டொக் என்று விழுகிறது. கூடு அவள் துப்பாக்கியில் சுட்டதுதான். தப்பு வறண்ட கழுத்தில், தீர்ந்துபோன கிரீஸில், அவன் கையில். திரும்பிப் பார்க்கிறான். லவான் சாவியை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் குற்றமற்றவள் என்பதற்கு அசைக்கமுடியாத சான்று அவன் முன்னால் கிடக்கிறது. அதைக் காட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இன்னொன்றில் கைப்பிடி பாதியில் நிற்கிறது. அவன் நினைத்தது சரி. "அந்த நொடியில் வெர்லினின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் நான் யோசித்து எழுதியதல்ல. தானாக வந்தது. மனைவி துரோகம் செய்ததைவிட, தான் ஏமாளி இல்லை என்பது ஒருவனுக்குப் பெரிதாகப் படுமா என்று உங்களிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. படும்.

மூன்றாவதில் கேட்கிறான். நாக்கு குழறுகிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறான். லவான் அவன் கண்ணைப் பார்த்து, "இல்ல," என்கிறாள். "நம்பினான்" என்று எழுதி அடித்தேன். "நம்ப விரும்பினான்" என்று எழுதி அடித்தேன். "நம்பியவனைப் போலத் தலையாட்டினான்" என்பதையும் அடித்தேன். ஏனென்றால் திங்கட்கிழமை காலை அவள் பேருந்து எடுக்கப் போய்விடுவாள். கொட்டகையில் துப்பாக்கி இருக்கும், கூடு இருக்கும், இவனும் இருப்பான். இரண்டு நிமிட வேலை. யாருக்குத் தெரியப்போகிறது?

நாலாவது ஒன்று உண்டு. அதுதான் சரியான முடிவு என்று எனக்குத் தெரியும். வெர்லின் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கிறான். கூட்டை வெளியே எடுத்து, மேசைமேல் இருக்கும், திருகி இறுக்குகிற பட்டறைப் பிடியில் வைத்து, இனி எந்தத் துப்பாக்கிக்கும் எந்தச் சாட்சியும் சொல்லமுடியாதபடி தட்டையாக நசுக்குகிறான். அதன் பிறகு கேட்கிறான். அவ்வளவுதான். பத்து வரிகூட ஆகாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் கை பட்டறைப் பிடிக்குப் போகும்போது என் கை நின்றுவிடுகிறது. சான்றைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வெறும் வார்த்தைக்காகக் காத்து நிற்கிற ஆணை எனக்கு எழுத வரவில்லை. அப்படி ஒருவன் உள்ளுக்குள் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் அப்படி இருந்ததில்லை.

இன்னொரு வெட்கக்கேடும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். லவானைப் படைத்தவன் நான். அவள் கோட்டைத் தைத்தவன், பையில் கூட்டைப் போட்டவன். செவ்வாய்க்கிழமைகளில் அவள் எங்கே, யாரோடு இருந்தாள் என்று இந்த உலகத்தில் யாருக்காவது தெரியுமென்றால் எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இத்தனை படிகள் எழுதியும் நானும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நாலு புள்ளியைத்தான் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன்.

ஆகவே என்னால் இதை முடிக்க முடியாது. நான் எழுதினால் விரலை எடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் வாருங்கள். கைப்பிடிக்கு அடியில் உங்கள் விரலை வையுங்கள், கனம் அதிகமில்லை. லவான் எதிரே நிற்கிறாள். இறைச்சிப் பொட்டலத்தைச் சுற்றி மேசையில் ஈரம் பரவத் தொடங்கிவிட்டது. அவள் நிறைய நேரம் நிற்கமாட்டாள். கேட்கிறதென்றால் விரலை எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.